புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை. என்ன செய்வது?

ரைசன் 5 7600, பி650 போர்டு, இரண்டு 16 ஜிபி டிடிஆர்5 ரேம், கூடவே ஒரு கிராபிக்ஸ் கார்டு. ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்', ரேமைக் கழற்றி மாட்டியும் பயனில்லை என்கிறீர்கள். கிட்டத்தட்ட இதே பாகங்களோடு நானும் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், அதனால் முதலில் ஒன்று கேட்கிறேன். ஆன் செய்தபின் எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள்?

ஏஎம்5 போர்டு (உங்கள் பி650 இந்த வகைதான்) முதல்முறை ஆன் ஆகும்போது, ரேமோடு எந்த டைமிங்கில் பேசினால் பிழை வராது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். மெமரி டிரெயினிங் என்பார்கள். அது முடியும்வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், சில நிமிடங்கள் ஆகலாம். நான் ஒரு நிமிடம் பார்ப்பேன், அணைப்பேன், ரேமை இடம் மாற்றுவேன், சிமாஸ் கிளியர் (போர்டில் சேமித்த செட்டிங்கை அழிப்பது) செய்வேன். ரேமை மாற்றினாலும் சிமாஸை அழித்தாலும் டிரெயினிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எதைச் செய்தாலும் அதன்பின் 15 நிமிடம் தொடாமல் விடுங்கள்.

அந்த நேரத்தில் போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கேபிள் பக்கம் பாருங்கள். பல போர்டுகளில் சிபியு, டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும், எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். எனக்கு டிரேம் விளக்கு நின்றது. பார்த்தால், சிபியுவிலிருந்து எண்ணி முதல் ஸ்லாட்டிலும் மூன்றாவதிலும் குத்தியிருந்தேன். இரண்டு ரேம் என்றால் இரண்டாவது, நான்காவதுதான். சப்ளையை அணைத்துவிட்டு ஒரே ஒரு ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து, இரண்டு முனையிலும் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினேன் (பயமாக இருக்கும், ஆனால் நன்றாகவே அழுத்த வேண்டும்). ஆறாவது நிமிடம் பயாஸ் (போர்டின் செட்டிங் திரை) வந்தது.

அதற்கும் வரவில்லையா? கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐயைப் போர்டிலேயே மாட்டுங்கள், 7600க்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப் என்றால்தான் இருக்காது. சிபியு விளக்கு எரிந்தால் மேல் மூலையில் சிபியுவுக்கான 8 பின் கேபிள் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். கார்டுக்கான 8 பின்னும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் வேறு. இறங்காவிட்டால் பலவந்தம் செய்ய வேண்டாம். கடைசியாகத்தான் சிபியுவைத் தூக்க வேண்டும். ஏஎம்5-ல் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் டிரேம் விளக்கு அணையாமல் நிற்கக்கூடும், போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வரிசை கலைந்த இடம் மட்டும் தனியாக மின்னும்.

சரி, திரை வந்துவிட்டது என்றால் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) உடனே ஆன் செய்யாதீர்கள். விண்டோஸ் போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தபின் செய்யுங்கள். அப்போதும் திரை சில நிமிடம் கறுத்து நிற்கும், பயந்து அணைத்துவிட வேண்டாம்.