ஏற்காட்டுக்கு ஏற்ற மிதிவண்டி

கேள்வி: நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். ஞாயிறுதோறும் மிதிவண்டியில் ஏற்காடு ஏறவும், அங்குள்ள காபித் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்டவும் விரும்புகிறேன். கடையில் ஒரே விலையில் இரண்டு மவுண்டன் பைக்குகளைக் காட்டினார்கள். முதலாவதில் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், 21 கியர், கேபிள் டிஸ்க் பிரேக். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 24 பற்கள், பின்பக்கப் பெரியதில் 28. இரண்டாவதில் முன்னால் மட்டும் ஷாக், 9 கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். முன்னால் 32 பற்கள், பின்னால் 42. எதை வாங்கலாம்?
– வாசகர் ஒருவர், சேலம்.

பதில்: இரண்டாவதையே வாங்குங்கள். ஏற்றத்தில் கியர்களின் எண்ணிக்கையால் பயனில்லை. இருப்பவற்றுள் மிக இலகுவான கியர் எவ்வளவு இலகு என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் முதல் வண்டியின் பின்சக்கரம் 0.86 சுற்றும், இரண்டாவதன் பின்சக்கரம் 0.76 சுற்றும் சுற்றும். சக்கரம் குறைவாகச் சுற்றினால் மிதிப்பது இலகு. சேலத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உயரும், 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் இந்த வேறுபாடு முழங்காலுக்குத் தெரியும்.

ஆனால், எனக்கு ஏற்றத்தைவிட இறக்கமே அதிகக் கவலை தருகிறது. மலிவான கேபிள் டிஸ்க் பிரேக்குகள் பலவற்றில் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளில் ஒரு பக்கத்து பேட் மட்டுமே நகரும். அது தேயத்தேய இடைவெளியை நாம்தான் திருகிச் சரிசெய்ய வேண்டும். மறந்துவிட்டால், பாதி மலை இறங்கும்போதே லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும். என் பழைய வண்டியில் இது நேர்ந்து, எஞ்சிய தூரத்தை நடந்தே இறங்கினேன். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக், பேட் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும், விரல்களும் மரத்துப்போகா. அதிலும் டிஸ்க்கில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால், நெடிய இறக்கத்தின் சூட்டை நன்கு தாங்கும் மெட்டல் பேடுகளை அதில் போட இயலாது.

அடுத்து, பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப். பல்சக்கரத் தொகுதியைப் பின்னோக்கிச் சுழற்றி, அதன் நடுவே கருவி பொருத்துவதற்காக உள்ள வரிப்பள்ளங்களைக் கவனியுங்கள். பற்களோடு அவையும் சுழன்றால் அது கேசட். அசையாமல் நின்றால் பழைய வகை ஃப்ரீவீல். ஃப்ரீவீலில் வலப்பக்கத்து பேரிங் உள்ளே தள்ளியிருப்பதால், மேடுபள்ளங்களில் குதிக்கும்போது ஆக்சில் வளையவோ உடையவோ வாய்ப்பு அதிகம். கேசட் ஹப்பில் அந்த பேரிங் வண்டியின் சட்டத்துக்கு அருகிலேயே இருக்கும்.

பின்பக்க ஷாக், இந்த விலையில், எடையைக் கூட்டி மிதிக்கும் பலத்தை விழுங்குவதோடு சரி. முன்பக்க ஷாக்கைப் பூட்டும் வசதி இருந்தால் தார்ச்சாலை ஏற்றத்தில் நன்மை தரும்.

ஷிமானோ நிறுவனத்தின் மிதிவண்டிப் பாகங்களில் டூர்னி, ஆல்டஸ், அசேரா, அலிவியோ, டியோர் என்று தரம் உயர்ந்துகொண்டே போவதைக் கடைக்காரர் சொல்லியிருப்பார். அது உண்மைதான், ஆனால், கண்ணில் படும் பின்பக்க டிரெயிலியரை (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) மட்டும் உயர்ந்த ரகத்தில் போட்டுவிட்டு, ஹப்பிலும் செயினிலும் பிரேக்கிலும் சிக்கனம் பிடிப்பது வழக்கம் என்பதால், ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்குமுன், முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் ‘டக்’ என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. புதிய சக்கரத்தின் ஸ்போக்ஸ் ஓட்டத்தில் தளர்வதுண்டு. எனவே, இரண்டு மூன்று முறை மலை ஏறி இறங்கியதும் சக்கரங்களைக் கோட்டம் எடுக்கக் கொடுங்கள்.