சட்டைக் கையில் ஏறும் பேட்ஜ்: வாசகியர் கேள்வி - பதில்

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் இருக்கும் பெண் பிள்ளைகள் எடுக்கும் திறன் பேட்ஜ்கள் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். "பிரதம சோபான் முடிச்சாச்சு, இனி பேட்ஜ் எடுக்கோணும்" என்கிறாள். சோபானும் பேட்ஜும் ஒன்றுதானே? எதை முதலில் எடுப்பது?
(ஒரு தாய், பெருந்துறை)

இரண்டும் வேறு. சோபான் என்பது படிக்கட்டு. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான், அதற்கு மேல் ராஜ்ய புரஸ்கார், உச்சியில் குடியரசுத் தலைவர் விருது. ஒரு படியில் நின்றுதான் அடுத்ததற்குக் கால் வைக்க முடியும். திறன் பேட்ஜ் ஒவ்வொன்றும் ஒரு கைவேலைக்கு உரியது: சமையல், தையல், துணி வெளுப்பு, தோட்டம், முதலுதவி என்று பட்டியல் நீளும். மேல் படிகளுக்குப் போகும்போது சில பேட்ஜ்கள் கையில் இருந்தாக வேண்டும். ஆனால் கொடுத்த பட்டியலில் எதை எடுப்பது, அதற்கு மேலும் எடுப்பதா என்பதெல்லாம் பிள்ளையின் விருப்பம்.

பேட்ஜ்களில் இரண்டு வகை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகினால் ஒரு மாதத்தில் கைக்கு வருவது ஒன்று. தையல், சமையல் அந்த வகை. நாள் பிடிப்பது இன்னொன்று, தோட்டம் அப்படி. விதை முளைத்துக் காய்க்கும் வரை யாராலும் அவசரப்படுத்த முடியாது. உங்கள் ஊரில் ஆடிப்பட்டத்துக்கு அவரையும் வெண்டையும் ஊன்றிவிட்டு, அது வளரும் நாளிலேயே தையலைப் பழகட்டும். ஒரே சமயத்தில் இரண்டு போதும். ஐந்தைப் பிடித்த பிள்ளைகள் ஐந்தையும் அரைகுறையாக விடுகிறார்கள்.

குறிப்பேடு முக்கியம். செய்த அன்றே தேதி, செய்த வேலை, பெரியவர் கையெழுத்து. தேர்வுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து மூன்று மாதத்தை எழுதினால், "வெண்டையில எந்த வாரம் பூச்சி விழுந்துது?" என்ற ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு அடுத்த மாதம் சமையல் பேட்ஜ் தேர்வு. அரிசிம்பருப்புச் சோறு செய்யலாம் என்று இருக்கிறேன். குக்கரில் நன்றாக வருகிறது. விறகடுப்பில் அடி பிடிக்கிறது, பருப்பு வேகமாட்டேன் என்கிறது.
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோபிசெட்டிபாளையம்)

நல்ல தேர்வு கண்ணு. ஒரே பாத்திரத்தில் முடியும், அணி முழுக்கச் சாப்பிடலாம். ஆறு பேருக்குக் கணக்கு இது: அரிசி 450 கிராம், துவரம் பருப்பு 150 கிராம், சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 10 பல், தக்காளி 2, வரமிளகாய் 4, மஞ்சள் தூள் அரை டீஸ்பூன், கொஞ்சம் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, கடலெண்ணெய். தண்ணீர் இரண்டேகால் லிட்டர். தனியாக அரை லிட்டர் சுடுதண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொள். மூடி சரியாக உட்காராத பாத்திரத்தில் ஆவி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் பச்சைத் தண்ணி ஊற்றினால் கொதி அடங்கிவிடும். பாத்திரம் ஐந்து லிட்டர், அடி கனமானது.

பருப்பு வேகாததற்கு முதல் காரணம் தக்காளியாக இருக்கும். புளிப்பு சேர்ந்தால் பருப்பு கரைய மறுக்கும். இரண்டாவது, போர் தண்ணி. உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணியில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு முழுசாகவே கிடக்கும். குழாயில் வருகிற ஆத்துத் தண்ணியைக் கேனில் கொண்டு போ. பருப்பையும் அரிசியையும் தனித்தனியாக அரை மணி நேரம் ஊற வை. தாளித்து, வெங்காயம் பூண்டு வதக்கி, தண்ணி ஊற்றிக் கொதித்ததும் பருப்பையும் மஞ்சளையும் மட்டும் போடு. ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார். விரலில் நசுங்கி, நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் பதம். அப்போது ஊற வைத்த அரிசி, தக்காளி, மூன்று டீஸ்பூன் உப்பு. மீதி உப்பை ருசி பார்த்துப் போடலாம்.

அடி பிடிப்பது தீயின் தப்பு. அரிசி போட்டுத் தண்ணி அரிசி மட்டத்துக்கு இறங்கியவுடன் எரியும் விறகை வெளியே இழுத்துவிடு. தணல் மட்டும் அடியில் இருக்கட்டும். மூடி போட்டு அதன் மேலும் நாலு தணல் துண்டு வை. பத்து நிமிஷம் கிளறாதே.

மூன்று கல் அடுப்பின் திறந்த வாய் காற்று வரும் பக்கம் பார்க்க வேண்டும். பற்ற வைக்கப் பன்னாடையும் கொட்டாங்குச்சியும் போதும், சீமெண்ணெய் தொடாதே. ஏற்றும் முன் பாத்திரத்தின் வெளிப்புறம் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி தேய்க்காமலே கழுவிக்கொண்டு போகும். முடிந்ததும் தண்ணி ஊற்றி, கிளறி, திரும்ப ஊற்றி, புறங்கையை மேலே பிடித்துப் பார். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. இடத்தை எப்படி விட்டுப் போகிறாய் என்பதும் தேர்வுதான்.

முதலுதவி பேட்ஜுக்கு முக்கோணக் கட்டுத் துணி நிறைய வேண்டும். பனியன் வேஸ்ட் சும்மாவே கிடைக்கிறது. அதில் வெட்டலாமா?
(ஆசிரியை, பல்லடம்)

வேண்டாம். பனியன் துணி இழுபடும். அடிபட்ட கையைக் கழுத்தில் தாங்கும் தூளிக்கட்டில் தொங்கும் கை கால் மணி நேரத்தில் இடுப்புக்கு இறங்கிவிடும். உங்கள் ஊர்த் தறிகளில் ஓடும் காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணிதான் இதற்குச் சரி. ஒரு மீட்டர் சதுரமாக வெட்டி மூலைக்கு மூலை கிழித்தால் இரண்டு கட்டு. புதுக் காடாவில் கஞ்சி விறைப்பாக இருக்கும். ஒரு ராத்திரி ஊற வைத்துத் துவைக்காவிட்டால் முடிச்சு நிற்காது.

பிள்ளைகள் தவறுவது முடிச்சில். வலது நுனி இடது நுனியின் மேல், பிறகு இடது நுனி வலது நுனியின் மேல். சரியாக விழுந்த ரீஃப் முடிச்சில் இரண்டு நுனியும் துணியோடு ஒட்டிப் படுத்திருக்கும். குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். முடிச்சு காறை எலும்பில் அழுத்தக் கூடாது, அதற்குச் சற்று மேலே உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். முன்கை முழங்கையை விடச் சற்று மேலே, விரல் நுனிகள் வெளியே தெரிய.

பாம்புக்கடி கேட்டால் "கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவோம்" என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். காட்டு வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதைத் திருத்தியே ஆக வேண்டும். இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், எலும்பு முறிவுக்குச் செய்வது போல அந்தக் காலையோ கையையோ அசையாமல் சிம்பு (தாங்கும் குச்சி) வைத்துக் கட்டி, 108 அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோக வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு முதலிலேயே கழற்றப்பட வேண்டும். வீங்கிய பின் வராது.

ஒட்டிய பேட்ஜ் இரண்டே துவைப்பில் உரிந்துவிட்டது. எந்தக் கையில், எப்படித் தைப்பது?
(வாசகி, திருப்பூர்)

திறன் பேட்ஜ் வலது கையில்; சோபான் பேட்ஜ் இடது கையில். பசையும் இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், கையால் தையுங்கள். புதுச் சட்டையை முதலில் இரண்டு தரம் துவைத்துவிடுங்கள், பிறகு சுருங்கினால் பேட்ஜ் கூம்பும். கைக்குள் ஒரு அட்டையை நுழைத்துக்கொண்டால் அடித் துணியைச் சேர்த்துத் தைத்துவிடும் தொல்லை இல்லை. பேட்ஜின் விளிம்பு நூலை மட்டும் பிடித்து, அதே நிற பாலியெஸ்டர் நூலில் நெருக்கமாக.

வெளிநாட்டு அமைப்புகளின் பேட்ஜும் எடுக்கலாம் என்கிறார்களே?
(திரிசாரணியர், ஈரோடு)

எடுக்கலாம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு நடத்தும் யுங்கா சேலஞ்ச் பேட்ஜ்களில் தண்ணீர், மண், காடு, பல்லுயிர் என்று தலைப்புகள் உள்ளன. 5 முதல் 10 வயது, 11 முதல் 15, அதற்கு மேல் என மூன்று நிலை. கையேடு இலவசம். பல்லுயிர் எடுத்தால் உங்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. வலசைப் பறவைகள் வரும் குளிர் மாதங்களில் காலை வேளையில் போங்கள். சாரணியர் கொண்டாடும் பிப்ரவரி 22 உலகச் சிந்தனை நாளை ஒட்டியும் ஒவ்வொரு ஆண்டும் ஒரு பேட்ஜ் வருகிறது. இவற்றைச் சீருடையில் குத்தாதீர்கள். முகாம்ப் போர்வையிலோ பையிலோ தைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வேலைக்கு உதவுமா?
(ஒரு தந்தை, கரூர்)

ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு என்றே தனியாக ஆள் எடுக்கிறார்கள். திறன் பேட்ஜ்கள் மட்டும் அதற்குப் போதாது. குடியரசுத் தலைவர் விருது நிலை, இயக்கத்தில் ஐந்தாண்டு தொடர்ந்த பங்கேற்பு, தேசிய, மாநில நிகழ்வுகளில் கலந்துகொண்ட சான்று என்று கேட்பார்கள். ஆகவே உறுப்பினர் புதுப்பிப்பு ரசீதையும் முகாம்ச் சான்றுகளையும் ஆண்டு வாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பள்ளி மாறும் ஆண்டில்தான் பெரும்பாலும் தொடர்ச்சி அறுகிறது. பத்தாவது முடிந்து வேறு பள்ளிக்குப் போனால் முதல் மாதத்திலேயே அங்குள்ள சாரணியர் படையில் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.