நிலத்தை அடமானம் வைக்கும் முன் ஒரு வார்த்தை: உயிருள்ள செல்லை அளக்கும் இயற்பியல்

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் உயிரியல்–கணிதப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று மைத்துனர் ஒரு முகவரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். நிலத்தை அடமானம் வைக்கும் பேச்சும் தொடங்கிவிட்டது. கடிதத்தின் கடைசி வரியில், “அவளுக்கு இயற்பியல் செய்முறைதான் பிடிக்கிறது, அதில் என்ன எதிர்காலம் இருக்கிறது?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க இது நேரமில்லை. நிலத்தில் கை வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பி வந்தாலும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறினால்தான் உங்கள் மகள் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியும். அதில் தேறாமல் மீண்டும் மீண்டும் எழுதுவோர் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கும் சேர்த்துத்தான் வட்டி ஓடும், அதை உங்கள் மைத்துனர் கட்டப்போவதில்லை. பொறியியல், செவிலியர், மருந்தாளுநர் படிப்புகளைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

மகளின் ரெக்கார்டு நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். மீட்டர் அளவுகோலை இரு கத்திமுனைகள்மீது வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, ஊசிமுனையின் இறக்கத்தை நகரும் நுண்ணோக்கியில் படிக்கும் சோதனை அது. எடை ஏற்றும்போதும் இறக்கும்போதும் படித்த அளவுகளை எழுதியவள், ஒத்துவராத ஓர் அளவை அழிக்காமல் வட்டமிட்டு, “ஊசி ஆடியது” என்று பக்கத்தில் குறித்திருக்கிறாள். மதிப்பெண் பட்டியலைவிட எனக்கு இந்தக் குறிப்பு முக்கியமாகப் படுகிறது.

அந்தச் சோதனையில் அவள் கண்டது யங் குணகம், அதாவது ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு. இதே யங் குணகத்தை இரத்தக் குழாயின் உயிருள்ள செல்லில் அளப்பவர்கள் இருக்கிறார்கள். குழாயின் உட்சுவரை ஒற்றை அடுக்காக மூடியிருக்கும் எண்டோதீலியல் செல்கள், ஓடும் இரத்தத்தின் சறுக்குப்பெயர்ச்சித் தகைவை, அதாவது ஓட்டம் உரசி இழுக்கும் விசையை, ஓயாமல் தாங்குகின்றன. பெரிய தமனிகளில் அது சுமார் 1 முதல் 2 பாஸ்கல். நேரான பகுதிகளில் இச்செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு, செல்லுக்கு உள்ளிருந்து வடிவம் தரும் ஆக்டின் என்ற புரத இழைகளை வரிசைப்படுத்தி விறைப்படைகின்றன. குழாய் வளையும் இடத்திலும் கிளைபிரியும் இடத்திலும் ஓட்டம் குலைவதால் அந்த ஒழுங்கு அமைவதில்லை, கொழுப்புப் படிவும் அங்கேதான் அதிகம் தொடங்குகிறது. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஓபர்லைட்னர் குழுவினர், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இருக்கும் நிலையில் சோடியம் சிறிது கூடினாலே இந்தச் செல்கள் விறைத்து, குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாக வெளியிடுவதை 2007இல் வெளியிட்டார்கள். இரத்தக் கொதிப்புக்கும் உப்புக்கும் உள்ள தொடர்பை விசையளவு கொண்டு தேடிய வேலை அது.

அளக்கும் கருவி அணுவிசை நுண்ணோக்கி. பின்னிக், குவேட், கெர்பர் ஆகிய மூவர் 1986இல் அறிமுகப்படுத்தியது. தொப்புள்கொடிச் சிரையிலிருந்து பிரித்து வளர்த்த செல்களை, 37 டிகிரி வெப்பத்தில், வளர்ப்புத் திரவத்தோடு தட்டில் வைப்பார்கள். ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட, மில்லிமீட்டரில் ஒரு பகுதியே நீளமுள்ள மெல்லிய சட்டம், நுனியில் ஒட்டிய நுண்மணியோடு செல்லின்மீது இறங்கும். சட்டத்தின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி, அது எத்தனை நானோமீட்டர் வளைந்தது என்பதைக் காட்டிவிடும். வளைவைச் சுருள்மாறிலியால், அதாவது சட்டத்தின் விறைப்பைக் குறிக்கும் எண்ணால், பெருக்கினால் விசை. செல்லின் தடிமனே சில மைக்ரோமீட்டர்தான் என்பதால், சில நூறு நானோமீட்டருக்கு மேல் அழுத்தினால் அடியிலுள்ள கண்ணாடியின் கடினத்தையும் சேர்த்து அளந்துவிட நேரும். அழுத்திய ஆழத்துக்கு எதிராக விசையை வரைந்து கிடைத்த கோட்டை, ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1882இல் தொடுபரப்புகளுக்கு எழுதிய சமன்பாட்டோடு பொருத்தினால் பெரும்பாலும் சில கிலோபாஸ்கல் வரும். எஃகுக்கோ சுமார் 200 கிகாபாஸ்கல், பல கோடி மடங்கு அதிகம்.

இதில் கடினமான பகுதி கருவியை இயக்குவதன்று. உயிருள்ள செல் அழுத்தத்துக்கு எதிர்வினை காட்டும், தன் இழைகளை மாற்றியமைக்கும். வேகமாக அழுத்தினால் ஒரு மதிப்பும் மெதுவாக அழுத்தினால் வேறொரு மதிப்பும் வரும். உட்கருவின் மேலே ஓர் அளவு, ஓரத்தில் இன்னோர் அளவு. எந்தக் கோட்டை வைத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது, ஏன் ஒதுக்கினோம் என்பதை நேர்மையாகப் பதிவு செய்யும் கை இங்கே வேண்டும். உங்கள் மகள் அதைப் பள்ளியிலேயே பழகியிருக்கிறாள்.

வழி இதுதான். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருப்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். கல்லூரி நாட்களிலேயே மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பித்து, இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்து பார்க்கட்டும். பிறகு ஜாம் தேர்வு வழியாக எம்.எஸ்சி.; அதற்குப் பின் சென்னை ஐ.ஐ.டி.யின் பயன்பாட்டு இயக்கவியல்–உயிரிமருத்துவப் பொறியியல் துறை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உயிரிப்பொறியியல் துறை போன்ற இடங்களில் ஆய்வு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் (2023 முதல் உள்ள விகிதம்), விதிப்படி வீட்டு வாடகைப் படியும் உண்டு.

மறைக்காமல் சொல்கிறேன், இதற்குப் பத்து ஆண்டுகள் ஆகலாம். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. ஆய்வு ஒத்துவராவிட்டால் எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டு, ஆசிரியப் பணிக்கோ கருவி நிறுவனங்களின் பயன்பாட்டுப் பிரிவுக்கோ போகலாம். எந்தக் கட்டத்தில் நின்றாலும் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். “உயிரிமருத்துவம்” என்ற சொல் பெயரில் இருக்கிறது என்பதற்காக லட்சங்கள் கேட்கும் தனியார் படிப்பிலும் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது முறை நீட் எழுதுவது உங்கள் முடிவும் அன்று, மைத்துனரின் முடிவும் அன்று. மகளைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள். முகவருக்கு முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதின் நகலோடு திருப்பித் தரும்படி இந்த வாரமே எழுத்தில் கேட்டுவிட்டு, அரசுக் கல்லூரிச் சேர்க்கைக்கான இணைய விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பார்த்து வையுங்கள்.