கவரிங் நகையைப் படமெடுக்க வீட்டிலேயே ஒரு லைட் பாக்ஸ்

கேள்வி: சிதம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே கவரிங் நகை விற்கிறேன். ஃபோனில் படம் எடுத்தால் ஆரத்தின் ஒரு பக்கம் வெளுத்துப் போகிறது, மறுபக்கம் கறுத்துக் கிடக்கிறது. ரிங் லைட் வாங்கினேன். ஒவ்வொரு மணியிலும் அந்த வளையம்தான் தெரிகிறது. கெம்புக் கல்லின் நிறமும் நேரில் இருப்பதுபோல் வருவதில்லை. அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பளபளப்பான உலோகம் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். எதிரே வளைய விளக்கு இருந்தால் வளையம் தெரியும், இருட்டான அறை இருந்தால் கறுப்பாகத் தெரியும். அதனால் நகைமேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதைவிட, நகையைச் சுற்றி எதை நிறுத்துகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். இன்னும் பெரிய விளக்கு வாங்கினாலும் இந்தச் சிக்கல் தீராது. ரிங் லைட்டை, நகையை அணிந்து வீடியோ எடுக்கும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நகையைச் சுற்றி வெள்ளையாக ஒளிரும் சுவர்களை நிறுத்துவதுதான் லைட் பாக்ஸ். அதற்கு ஒன்றரை அடி நீள, அகல, உயரமுள்ள அட்டைப்பெட்டி ஒன்றை, திறந்த வாய் முன்பக்கம் வரும்படி படுக்கவையுங்கள். இடம், வலம், மேல் என மூன்று பக்கங்களிலும் ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு ஜன்னல்போல வெட்டிவிடுங்கள். அந்த மூன்றையும் வெளிப்புறமாகப் பட்டர் பேப்பரோ டிரேசிங் பேப்பரோ வைத்துச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். உள்ளே ஒரு வெள்ளைச் சார்ட்டைப் பின்சுவரின் மேலிருந்து தரைவரை மடிப்பு விழாமல் வளைத்துவிட்டால் மூலைக்கோடு தெரியாது.

விளக்குக்கு ஒரே கம்பெனியின், ஒரே வகை எல்இடி பல்புகள், பேப்பர் ஒட்டிய பக்கத்துக்கு ஒன்றாக வெளியே வைக்க, மூன்று போதும். 12 வாட், 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் சரியாக இருக்கும். பல்பு வரும் பெட்டியில் பெரும்பாலும் சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருக்கும்; அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதை அது சொல்லும், அதிகபட்சம் 100. சாதாரண பல்புகளில் அது பெரும்பாலும் 80 சொச்சம்தான். 90க்கு மேல் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கெம்புக் கல் சரியாக வராததற்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மலிவான எல்இடி வெளிச்சத்தில் அடர்சிவப்பு குறைவு, அதனால் சிவப்புக் கல் மங்கிப் பழுப்பாகத் தெரியும். கொஞ்சம் காசு கூடினாலும் இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய ஹாலஜன் விளக்கு வீட்டில் கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம். அந்தச் சூட்டுக்குப் பேப்பரும் அட்டையும் தீப்பிடித்துவிடும்.

பல்பைப் பேப்பரை ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும் வெள்ளைப்பொட்டு விழும், அந்தப் பொட்டே நகையிலும் தெரியும். பேப்பர் முழுவதும் ஒரே சீராக ஒளிரும்வரை பல்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இப்போது நகைக்கு விளக்கு பல்பு இல்லை, அந்தப் பேப்பர்தான். விளக்கு எவ்வளவு பெரிதோ, நிழல் அவ்வளவு மென்மை. மேல்விளக்கு பிரதானமாக இருக்கட்டும். பக்கவிளக்குகளில் ஒன்றை இரண்டு மடங்கு தூரத்தில் வையுங்கள். அதன் வெளிச்சம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் மணிகளின் உருட்சி தெரியாது.

இத்தோடு நிறுத்தினால் நகை வெளிறி பிளாஸ்டிக் போலத்தான் இருக்கும். சுற்றிலும் வெள்ளை, அதனால் உலோகமும் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. கறுப்புச் சார்ட்டை அரை அங்குல அகலத்தில் நீளநீளமாக வெட்டி, ஃபிரேமுக்குச் சற்று வெளியே நகையின் இரு பக்கமும் நிற்க வையுங்கள். லென்ஸ் இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே பட்டையை மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் வளையலின் விளிம்பு நெடுக மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடும். அந்த நொடியே தங்க முலாம் உருண்டு திரண்டு தெரியும். நகைப் படத்தின் அழகு பாதிக்குமேல் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது, பொறுமையாகச் செய்யுங்கள்.

பெட்டியின் திறந்த முன்பக்கத்தை மறக்காதீர்கள். அதன் வழியாக அறையின் இருட்டும் நீங்களும் நகைக்குள் போய்விடுவீர்கள். லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை போட்ட வெள்ளைச் சார்ட்டை முன்னால் மாட்டுங்கள். ஜிமிக்கியின் கூடு நாலா பக்கமும் பார்க்கும் வடிவம், அதில் ஓட்டையின் புள்ளி தெரியத்தான் செய்யும். ஃபோனைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி 2 மடங்கு ஜூமில் எடுத்தால் புள்ளி சிறிதாகும், நகையின் வடிவமும் கோணாது. ஜிமிக்கியைத் தூண்டில் நரம்பில் தொங்கவிடலாம், படத்தில் நரம்பை எடிட்டிங்கில் அழிப்பது சுலபம்.

ஏடி கல் (அமெரிக்கன் டைமண்ட், வைரம்போல மின்னும் செயற்கைக் கல்) வைத்த நகைக்கு மட்டும் ஒரு மாற்றம். மென்மையான வெளிச்சத்தில் கல் டால் அடிக்காது. மேல் பேப்பரில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாகச் சின்ன வெள்ளை எல்இடி டார்ச்சை நேராகக் கல்மேல் அடியுங்கள். மற்ற நேரத்தில் ஓட்டையைப் பேப்பரால் மூடிவிடலாம்.

படமெடுக்கும்போது டியூப்லைட்டை அணைத்து ஜன்னலை மூடுங்கள், இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி 2 விநாடி டைமர் வையுங்கள். ஃபோன் கேமராவில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ மோட் இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், வேறு வேகங்களில் சில எல்இடிகள் படத்தில் பட்டைபட்டையாக வரி போடும். வெள்ளையை வெள்ளையாகவே காட்டவைக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் வெள்ளைச் சார்ட்டைப் பார்த்து ஒருமுறை சரிசெய்து அப்படியே வைத்துவிடுங்கள்.

வெள்ளைப் பின்னணி சாம்பலாக வந்தால் பயப்படாதீர்கள். ஃபிரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை +0.7 அல்லது +1 வரை ஏற்றுங்கள், சரியாகிவிடும். அமேசானில் விற்பதாக இருந்தால் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாகவும், பொருள் ஃபிரேமில் 85 சதவீதமாவது நிறைந்தும் இருக்க வேண்டும். எடுத்த படத்தைப் பகல் வெளிச்சத்தில் நகையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நிறத்தை எடிட்டிங்கில் ஏற்றிவிட்டால் பார்சல் திரும்பி வரும்.

எல்லாம் சரியாக அமைந்ததும் பெட்டி, பல்புகள், ஸ்டாண்டின் கால்கள் நிற்கும் இடங்களை மேசையிலும் தரையிலும் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். அடுத்த மாதம் புது டிசைன் வரும்போது பழைய படங்களோடு ஒத்துப்போக அது போதும்.