எம்.எஸ். ப்ளூ கேட்டால் மயில் கழுத்து வந்தது!

கேள்வி: மகளின் நிச்சயதார்த்தத்துக்காக இணையக் கடை ஒன்றில் ‘எம்.எஸ். ப்ளூ’ என்று போட்டிருந்த காஞ்சிபுரம் பட்டு வாங்கினேன். வந்த புடவை ஒரு பக்கம் பார்த்தால் நீலம், சாய்த்துப் பிடித்தால் பச்சை. “கலர் முன்னே பின்னேதான் இருக்கும்” என்கிறார்கள். திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும், தயங்காமல் கேளுங்கள். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் வந்திருப்பது மயில் கழுத்து. பாவு (நீளவாட்டு நூல்) நீலமும் ஊடை (குறுக்கு நூல்) பச்சையுமாகவோ, அதை மாற்றியோ நெய்தால் துணி அசையும்போதெல்லாம் நிறம் மாறும். பெயரும் அதனால்தான் வந்தது. அருமையான புடவைதான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

எம்.எஸ். ப்ளூ அழுத்தமான நீலம். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நிறம். அவர் மேடையில் உடுத்தியதும் ஊரெல்லாம் அதைக் கேட்டது. இன்று எல்லாக் கடையிலும் அந்தப் பெயர் புழங்குகிறது. கடைக்குக் கடை நீலம் சற்றுக் கூடக் குறைய இருக்கலாம், அதைக் குறையாகச் சொல்ல முடியாது. பச்சை அடிப்பது வேறு விஷயம்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. விற்பனைப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் புடவையை இரண்டு கோணத்தில் படம் பிடியுங்கள். ஃபால்ஸ் அடிக்க வேண்டாம், குஞ்சம் கட்ட வேண்டாம். எழுத்தில் புகார் கொடுத்தும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது “பாவு என்ன கலர், ஊடை என்ன கலர்?” என்று கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவும் கேளுங்கள். இரட்டை நிறத் துணியில் ஒரு புகைப்படம் ஒரு நிறத்தை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும்.

கேள்வி: அரக்குக் கலர் புடவை என்றால் இயற்கைச் சாயமா? அப்படிச் சொல்லி விலை கூட்டுகிறார்கள்.

பதில்: பெயரை வைத்து அப்படி முடிவு செய்யக் கூடாது. புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதிலிருந்து சிவப்புச் சாயமும் எடுத்தார்கள், நிறத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. இன்று கடைகளில் தொங்கும் அரக்குப் புடவைகளில் பெரும்பாலானவை செயற்கைச் சாயம் ஏற்றியவை. அதில் தவறொன்றும் இல்லை, சொல்லி விற்றால் சரி. மெஜந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள்: 1859-இல் புதிதாக வந்த ஒரு செயற்கைச் சாயத்துக்கு, அதே ஆண்டு இத்தாலியில் மெஜந்தா என்ற ஊரில் நடந்த போரின் பெயரை வைத்தார்கள். அதை யாரும் மட்டமாகப் பார்ப்பதில்லையே! இயற்கைச் சாயம் என்று கூடுதல் பணம் கேட்டால், எந்தச் சாயம் என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.