நம்ம ரோட்டுக்கு எந்த வண்டி? கேள்வி பதில்

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். புது கார் செய்தி எது வந்தாலும் படித்துவிட்டு, சாயங்காலம் தெரிந்த மெக்கானிக் ஷெட்டில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. போன வாரம் நண்பர்களிடம் கேள்வி கேட்கச் சொன்னேன், குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

ஜிஎஸ்டி குறைந்ததால் விலை இறங்கியிருக்கிறது அண்ணே. கையில் பத்து லட்சம் இருக்கிறது. கொஞ்சம் இழுத்துப் பெரிய வண்டியாகவே எடுத்துவிடலாமா? (கொருக்குப்பேட்டை, முதல் கார் வாங்குபவர்)

வேண்டாம் தம்பி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்கு மிகாத இன்ஜினும் உள்ள கார்களுக்கு வரி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது நம் மாநிலச் சாலை வரியை. 2023 நவம்பரில் மாற்றியதன்படி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9 லட்சத்து 95 ஆயிரம் வண்டிக்குச் சாலை வரி ஏறக்குறைய 1 லட்சத்து 29 ஆயிரம். 10 லட்சத்து 5 ஆயிரம் வண்டிக்கு 1 லட்சத்து 81 ஆயிரம். பத்தாயிரம் ரூபாய் கூடுதலாக இருக்கும் வேரியன்ட்டுக்காக ஐம்பதாயிரத்துக்கு மேல் வரி. சன்ரூஃபுக்காக அந்தக் கோட்டைத் தாண்டுபவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. நம் வெயிலில் அதைத் திறக்கவே மாட்டீர்கள்.

கோட்டுக்குள் என்றால் மாருதி டிசைர் நல்ல வண்டி. இப்போதைய தலைமுறை, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஆனால் தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 163 மிமீதான். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும் என்றால் 208 மிமீ உள்ள டாடா நெக்ஸானின் கீழ் வேரியன்ட்டைப் பாருங்கள். நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.

எலெக்ட்ரிக் கார் எடுக்க ஆசை. ஆனால் மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஷாக் அடிக்காதா? (வியாசர்பாடி, பள்ளி ஆசிரியை)

டீச்சர், உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. பெட்ரோல் கார் வெள்ளத்தில் சாவது இன்ஜின் காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போவதால். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எலெக்ட்ரிக் காரில் அந்த வேலையே கிடையாது. பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் ஐபி67 தரம். அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே இறங்கக்கூடாது என்பது சோதனை. உயர் மின்னழுத்த ஒயர்கள் வண்டியின் பாடியோடு சேராமல் தனியே இருக்கும். கசிவு தெரிந்தால் அமைப்பே மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டுக் கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்கும்போது இறங்கிவிடாதீர்கள். அந்தச் சோதனை அரை மணி நேரக் கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கத்தில் வண்டிகள் நாள்கணக்கில் நின்றன, எண்ணூர் பக்கம் எண்ணெயும் கலந்த தண்ணீரில். அப்படி நின்ற எலெக்ட்ரிக் காரைச் சார்ஜில் போடவே கூடாது. டோ செய்து கொண்டுபோய்ப் பேட்டரியைச் சோதித்த பிறகுதான் தொட வேண்டும். பெட்ரோல் வண்டிக்கும் இதே விதி: தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பாதீர்கள். திருப்பி இன்ஜின் போனால், இன்ஜின் புரொடெக்‌ஷன் என்ற தனிப் பிரீமியம் கட்டாதவர்களுக்கு இன்சூரன்ஸ் பணம் வராது. வருடத்துக்கு ஓரிரு ஆயிரம்தான் கூடும். வடசென்னையில் கார் வைத்திருப்பவர்கள் அதை விடவே கூடாது.

வீட்டில் சொந்தமாகப் பார்க்கிங்கும் சார்ஜிங் பாயின்ட்டும் உண்டா? உண்டென்றால் தயங்காமல் எடுங்கள். சார்ஜரை மட்டும் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு மேல் பொருத்தச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய செகண்ட் ஹேண்ட் வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? (மூலக்கடை)

நான் ஏமாந்த கதையிலிருந்து சொல்கிறேன். ஒரு புரோக்கரிடம் பளபளவென்று இருந்த வண்டியை வாங்கினேன். நான்கு மாதத்தில் ஒயரிங் ஒவ்வொன்றாகப் போனது. பிறகுதான் மெக்கானிக் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துக் காட்டினார். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு. சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டை யாரும் கழுவ மாட்டார்கள். அப்புறம் ஸ்டெப்னிக்கு அடியில் உள்ள பள்ளத்தையும், சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். துரு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

2016 மாடல் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு மைலேஜ் குறைந்த மாதிரி இருக்கிறது. பிரமையா? (பெரம்பூர், ரயில்வே ஊழியர்)

பிரமை இல்லை சார். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மொத்தத்தில் ஆறு, ஏழு சதவீதம் போகும். 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று சொல்லியிருந்தது. லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 14 கொடுக்கும்.

இன்ஜின் உடனே கெட்டுவிடும் என்று பரவும் வீடியோக்களை நம்ப வேண்டாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்களுடையதில் ஃபியூயல் ஹோஸ், கேஸ்கெட், ஓ-ரிங் ஆகியவற்றைச் சர்வீஸுக்குச் சர்வீஸ் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் டேங்க்கைக் காலியாக வைத்து வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

இறக்குமதி எண்ணெய் குறைவதும் கரும்பு விவசாயிக்குப் பணம் போவதும் நல்லதே. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவருக்குப் பத்து சதவீதக் கலவையையும் இன்னொரு பம்பில் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் நிம்மதியாகப் போகலாமா? (திருவொற்றியூர், இரவு ஷிஃப்ட் போகிறவர்)

நட்சத்திரம் வேண்டும். பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது முதல் நம் நாட்டிலேயே சோதிக்கிறார்கள், அதில் எனக்குப் பெருமை. ஆனால் என்ன சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். 64 கிமீ வேகத்தில், இன்னொரு கார் மாதிரி நசுங்கும் தடுப்பில் முன்பக்கத்தை மோதுகிறார்கள். பம்பரும் அதற்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டமும் அடியை வாங்கிக்கொள்கின்றன. இருட்டில் லைட்டில்லாமல் நிற்கும் டிரெய்லர் அப்படி இல்லை. அதன் பின்புறம் உங்கள் பானெட்டுக்கு மேலே இருக்கும். வண்டி அடியில் நுழைந்துவிட்டால் முதலில் அடி வாங்குவது கண்ணாடியும் உங்கள் தலையும். எந்த நட்சத்திரமும் அங்கே காப்பாற்றாது. அந்தச் சாலையில் இரவில் ஐம்பதைத் தாண்டாதீர்கள், இடது ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள். பின்சீட்டில் இருப்பவரையும் பெல்ட் போடச் சொல்லுங்கள்.

மணலியிலிருந்து மாதவரம், தினம் ஆறு கிலோமீட்டர். டீசல் எடுக்கலாமா?

கூடாது. இப்போதைய டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் உண்டு. அது சேர்த்த கரியை எரிக்க, வண்டி நன்றாகச் சூடாகிப் பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்தால் அது அடைத்துக்கொள்ளும்.

ஃபோர்டு திரும்ப வருகிறது என்கிறார்களே, அவர்களுடைய எண்டெவர் எஸ்யூவிக்காகக் காத்திருக்கலாமா? (ராயபுரம்)

காத்திருக்காதீர்கள். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள், 2022-ல் மறைமலைநகர் ஆலையில் கடைசி வண்டி இறங்கியது. இப்போது அறிவித்திருப்பது இன்ஜின் தயாரிப்பு, அதுவும் ஏற்றுமதிக்கு, 2029-ல் தொடங்குவதாக. ஆலைக்கு உயிர் வருவதும் வேலை வருவதும் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஷோரூமில் நமக்கு வண்டி என்று அதற்கு அர்த்தமில்லை.

வின்ஃபாஸ்ட்? (கொளத்தூர்)

வியட்நாமின் எலெக்ட்ரிக் கார் நிறுவனம் அது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் ஆலை திறந்து, செப்டம்பரில் விஎஃப் 6, விஎஃப் 7 கார்களின் விலையை அறிவித்தார்கள். வண்டி திடமாக இருக்கிறது. நான் இரண்டு வருடம் பொறுப்பேன். பம்பர், ஹெட்லைட் கேட்டால் எத்தனை நாளில் வருகிறது, பழைய வண்டிக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

காசிமேட்டில் வீடு. கதவின் அடிப்பாகமெல்லாம் துரு. என்ன செய்ய?

உப்புக்காற்று மேலே பெயின்ட்டைத் தொடுவதற்குள் கீழே தகட்டைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பக்கத்தையும் வீல் ஆர்ச்சையும் பீய்ச்சிக் கழுவுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் சிறு துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பெடுங்கள், பலருக்கு அப்படித் துளை இருப்பதே தெரியாது. துருவின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிக்கிறேன் என்று சொல்லும் டிங்கரிடம் கொடுக்காதீர்கள். தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்தால்தான் நிற்கும்.

எல்லாக் கார் ஆலையும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தான். நம்ம பக்கம் கார் செய்ததே இல்லையா அங்கிள்? (எண்ணூர், பத்தாம் வகுப்பு மாணவன்)

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன் கண்ணா. செய்திருக்கிறோம், உங்கள் ஊரிலேயே. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே விட்டார்கள், முதல் வண்டி 1949-ல். பிறகு லேலண்ட் லாரிகளுக்கு மாறி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது 1998-ல். அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்பே எண்ணூர்க்காரர்கள் கையில் ஸ்பானர் இருந்தது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் செய்யத் தொடங்கியதும் ஐம்பதுகளில்தான்.

சென்னையின் முதல் 120 மின்பேருந்துகள் 2025 ஜூன் 30 அன்று கிளம்பியது வியாசர்பாடி பணிமனையிலிருந்து. அடுத்த லீவில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அதில் ஒரு ரவுண்டு போய் வா. சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி எப்படி இழுக்கிறது என்று கவனித்து எனக்கு எழுது.