கேள்வி மேடை: மூன்று லேப்டாப், இரண்டு வாரம்

கேள்வி: மூன்று லேப்டாப்பில் பரவி ஓடும் சிறு தரவுச் சேமிப்பு ஒன்று செய்கிறோம். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் ஓட வேண்டும். பைத்தான்தான் தெரியும், அவகாசம் 2 வாரம். அதிலேயே எழுதலாமா?

பதில்: பெரிய கணக்கைப் பல எந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் வேலை என்றால் பைத்தானும், அதற்கென்றே உள்ள ரே நூலகமும் போதும். உங்களுடையது அப்படியல்ல. எந்திரங்களை இணைக்கும் சாக்கெட், அறுந்தால் மறு இணைப்பு என்றே முதல் வாரம் கரைந்துவிடும். எலிக்சிர் என்ற நிரல்மொழிக்கு மாறுங்கள். அது ஓடுவது எர்லாங்கின் மெய்நிகர் எந்திரத்தில்; எர்லாங் 1980-களில் எரிக்சனில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த மொழி. பக்கத்து எந்திரத்தில் இருக்கும் பிராசஸுக்கும் (தனியாக ஓடும் சிறு நிரல்) உள்ளூர் பிராசஸுக்கும் செய்தி அனுப்பும் வரி ஒன்றேதான்.

முதலில் ஒரே லேப்டாப்பில் மூன்று டெர்மினல் திறந்து, மூன்று பெயரில் நோடுகளை, அதாவது அந்த மெய்நிகர் எந்திரத்தின் மூன்று பிரதிகளை, ஓட்டுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றை பிங் செய்து பாருங்கள்: 'பாங்' (pong) வந்தால் இணைப்பு உண்டு, 'பேங்' (pang) என்றால் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் கண் ஏமாறும்.

மூன்று லேப்டாப்புக்குப் போனதும் 'பேங்'தான் வரும். நோடுகள் இணையக் கேட்கும் ரகசியச் சொல்லான குக்கி எந்திரத்துக்கு எந்திரம் வேறாக இருப்பதே பெரும்பாலும் காரணம். ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் குக்கிக் கோப்பை மூன்றிலும் ஒன்றாக்குங்கள். லினக்ஸில் அதை உரிமையாளர் தவிர யாராவது படிக்க முடிந்தால் நோடு கிளம்பாது. குறும்பெயர் நோடும் (எந்திரப் பெயர் மட்டும்) முழுப்பெயர் நோடும் (டொமைனோடு சேர்த்து) ஒன்றோடொன்று சேராது. ஃபயர்வாலில், எந்த நோடு எந்த போர்ட்டில் என்று சொல்லும் சேவையின் 4369 போர்ட்டை மட்டும் திறந்தால் போதாது. நோடின் சொந்த போர்ட் ஒவ்வொரு முறையும் மாறும். அதை 9100-9105 போல ஒரு வரம்புக்குள் கட்டிவையுங்கள்.

டெமோவில் நோடைக் கொன்றால் மற்றவற்றுக்கு உடனே தெரியும். வைஃபையைத் துண்டித்தால் 45 முதல் 75 நொடி ஆகலாம், ஏனென்றால் பதில் தராத நோடைச் செத்ததாகக் கொள்ளும் டிக் நேரம் இயல்பாக 60 நொடி. மூன்றிலும் அதை 8 ஆக்கினால் 6-10 நொடியில் தெரியும். அதற்கும் கீழே போனால், வைஃபை கொஞ்சம் தடுமாறினாலே உயிரோடிருக்கும் நோடைச் செத்ததாகச் சொல்லிவிடும்.

துண்டிக்கப்பட்ட அந்த நோடு, மற்ற இரண்டும்தான் செத்துவிட்டன என்று நினைத்துத் தனியாக எழுதிக்கொண்டிருக்கும். இதை மொழி தீர்க்காது. தன்னையும் சேர்த்து 2 நோடு ஒப்புக்கொண்டால்தான் எழுத்து செல்லும் என்ற விதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

கேள்வி: குக்கி இருப்பதால் அப்படியே இணையத்தில் ஏற்றலாமா?

பதில்: கூடாது. குக்கி எதையும் மறையாக்கம் செய்வதில்லை. அது கிடைத்தவர் உங்கள் எந்திரத்தில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். தனி நெட்வொர்க்குக்குள் வையுங்கள், அல்லது நோடுகளுக்கிடையே டிஎல்எஸ் என்ற மறையாக்கம் போடுங்கள்.